சேவ் அடித்ததும் தெரிய வேண்டும்

பட்டனின் நிறம் கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது. எடிட்டரில் ஓர் எண்ணை மாற்றி, கண்ட்ரோல்-எஸ் அடித்து, பக்கத்துத் திரையைப் பார்க்கிறேன். மாறியிருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி மாற்றுகிறேன், மறுபடி பார்க்கிறேன். வெப் டெவலப்பரின் நாள் முழுக்க இப்படித்தான் போகிறது. ஒரு நாளில் எத்தனை நூறு தடவை சேவ் அடிக்கிறேன் என்று எண்ணியதில்லை. ஆனால் எந்தக் கருவியை மேசையில் வைத்துக்கொள்வது, எதை எடுத்து வைப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எழுதியதற்கும் அது கண்ணில் படுவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது?

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் "என்ன லேப்டாப் வாங்கலாம் அண்ணா, எந்த எடிட்டர் நல்லது?" என்று கேட்பார்கள். பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடலாம், இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். எந்தக் கருவி எந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்தது என்று தெரிந்துகொண்டால் அடுத்ததை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஃபைல்ஸில்லாவைத் திறந்து, இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குக் கோப்பை இழுத்துப் போட்டு சர்வருக்கு ஏற்றுவோம். ஏறி முடிந்ததும் பிரவுசரில் எஃப்5. மாறவில்லையென்றால் கேஷில், அதாவது பிரவுசர் எடுத்துவைத்திருக்கும் நகலில், பழசு உட்கார்ந்திருக்கிறது என்று கண்ட்ரோல்-எஃப்5. ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் பக்கம் வெள்ளையாக நிற்கும், காரணத்தைச் சொல்லாது. ஒரு திருத்தத்துக்கு அரை நிமிடம் என்றால், மூன்றாவது திருத்தத்தில் பொறுமை போய்விடும். 'இது போதும்' என்று விட்டுவிடத் தோன்றும். மெதுவான கருவி நேரத்தை மட்டும் தின்பதில்லை, வேலையின் தரத்தையும் சேர்த்தே இறக்குகிறது.

பிறகு எல்லாம் சொந்தக் கணினியிலேயே ஓட ஆரம்பித்தது. 2009இல் ரயன் டால், பிரவுசருக்கு வெளியேயும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸைக் கொண்டுவந்த பின், அதன்மேல் ஒரு கருவிக் கூட்டமே வளர்ந்தது. 2012இல் வந்த வெப்பேக் நூற்றுக்கணக்கான ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தது. அன்றைய பிரவுசர்களுக்கு மாட்யூல்களை, அதாவது தனித்தனிக் கோப்புகளாக எழுதிய நிரல் துண்டுகளை, தாங்களே தேடி எடுக்கத் தெரியாது, அதனால் மூட்டை தேவைப்பட்டது. திட்டம் பெரிதாகப் பெரிதாக அந்த மூட்டை கட்டும் நேரமும் நீண்டது. காலையில் சர்வரைக் கிளப்பிவிட்டு டீ குடிக்கப் போன காலம் உண்டு.

2020இல் வந்த வீட் (Vite) என்ற கருவி அந்த நேரத்தை எப்படிக் குறைத்தது என்பது எனக்கு இன்றும் அழகான யோசனையாகத் தெரிகிறது. வியூ என்ற ஃபிரேம்வொர்க்கை உருவாக்கிய எவன் யூதான் இதையும் செய்தார். பிரெஞ்சில் வீட் என்றால் 'சீக்கிரம்'. 2018 வாக்கில் பெரிய பிரவுசர்கள் எல்லாமே மாட்யூல்களைப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டன. அப்படியானால் எழுதிக்கொண்டிருக்கும்போது மூட்டை எதற்கு? பிரவுசர் எந்தக் கோப்பைக் கேட்கிறதோ அதை மட்டும் கொடுத்தால் போதும். சேவ் அடித்ததும் சர்வர், ஏற்கெனவே திறந்திருக்கும் வெப்சாக்கெட் இணைப்பு வழியாக 'இந்த ஒரு கோப்பு மாறிவிட்டது' என்று பிரவுசருக்குச் செய்தி அனுப்புகிறது. பிரவுசர் அதை மட்டும் வாங்கி, பழையதன் இடத்தில் பொருத்திக்கொள்கிறது. பக்கம் முழுக்க ரெஃப்ரெஷ் ஆவதில்லை. நான்கு படிகள் கொண்ட ஒரு படிவத்தில் மூன்றாம் படியின் பிழைச் செய்தியைத் திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயர், முகவரி, போன் எண் என்று முதலிலிருந்து அடிக்க வேண்டும். இப்போது அடித்தது அப்படியே நிற்க, பிழைச் செய்தி மட்டும் கண்ணெதிரே மாறுகிறது.

பிரவுசருக்குள் நடப்பதைப் பார்க்க முடிவதும் இந்தக் கதையின் பகுதிதான். 2006 ஜனவரியில் ஜோ ஹெவிட் ஃபயர்பாக்ஸுக்காக ஃபயர்பக்கை வெளியிடும்வரை, மாறியின் மதிப்பு என்ன என்று பார்க்கப் பெரும்பாலானோர் அலர்ட் பெட்டியைத்தான் நம்பியிருந்தோம். ஒரு லூப்புக்குள் தவறி அலர்ட்டைப் போட்டுவிட்டால் ஓகே, ஓகே என்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பக்கத்தின் எந்தத் துண்டைத் தொட்டாலும் அதன் சிஎஸ்எஸ் வரிகளைக் காட்டி, அங்கேயே மாற்றியும் பார்க்க வைத்தது ஃபயர்பக். இன்று பெரும்பாலான பிரவுசர்களில் எஃப்12 அடித்தால் அது இருக்கிறது. ஃபயர்பக்கே 2017இல் ஓய்வு பெற்றுவிட்டது. எனக்கு அதில் பிடித்த இடம் நெட்வொர்க் பகுதி. எந்தக் கோப்பு எப்போது கேட்கப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்று கோடு கோடாக மாடிப்படி போல் இறங்கும். தளம் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் வாதாடுவதற்கு முன் அந்தப் படிக்கட்டைப் பார்க்கலாம். எந்தக் கோடு நீளமோ அங்கே பிரச்சினை.

எடிட்டருக்கு வருவோம். நான் பயன்படுத்துவது விஎஸ் கோட். 2015 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது அதைப் பெரிதாக நினைத்தவர்கள் குறைவு. வேகத்தில் சப்லைம் டெக்ஸ்ட் இருந்தது, கிட்ஹப்பின் ஆட்டம் (Atom) என்ற எடிட்டர் இருந்தது. விஎஸ் கோட் முந்தியதற்கு என் பார்வையில் முக்கியக் காரணம், 2016இல் அவர்கள் பொதுவில் வைத்த லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால். அதற்கு முன், ஒரு மொழியைப் புரிந்துகொண்டு பிழை காட்டுவது, பெயரை முடித்துக் கொடுப்பது போன்ற வசதிகளை ஒவ்வோர் எடிட்டருக்கும் தனியாக எழுத வேண்டும். பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் இருநூறு வேலை. இந்த ஏற்பாட்டில் மொழியைப் புரிந்துகொள்ளும் பகுதி தனி நிரலாக ஓடுகிறது. எடிட்டர் அதனிடம் ஒரு பொது மொழியில் பேசுகிறது. இருநூறு முப்பதாகிவிடுகிறது. இன்று விம் என்ற பழைய எடிட்டரைப் பயன்படுத்துபவருக்கும் அதே பிழைக்கோடு அதே இடத்தில் விழுகிறது என்றால் இதனால்தான். பிழை சேவ் அடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடுவதால் காத்திருப்பும் இல்லை.

விஎஸ் கோட் எலக்ட்ரான் மேல் ஓடுகிறது, அதாவது அதுவே குரோமின் அடித்தளத்தில் திறக்கும் ஒரு வெப் பக்கம். ஹெல்ப் மெனுவுக்குள் போய் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால், நாம் எழுதிக்கொண்டிருக்கும் எடிட்டரையே பிரித்துப் பார்க்கலாம். புதியவர்களுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் தெரியும் மலர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

விம் என்றேன். அதன் மூதாதையான விஐயை 1976இல் பெர்க்லியில் எழுதியவர் பில் ஜாய். அவர் கையில் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற டெர்மினல், அதாவது தொலைவில் உள்ள கணினியோடு பேசும் திரையும் விசைப்பலகையும். தொலைபேசி வழி இணைப்பு நொடிக்கு 300 பிட். ஒரு திரை எழுத்து வந்து சேரவே கண்முன்னே நேரம் பிடிக்கும். அதனால்தான் விஐயில் எல்லாம் ஒற்றை எழுத்துக் கட்டளை. அந்த டெர்மினலில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகள்மேல் அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றும் விம்மில் நகர்வது அந்த நான்கால்தான். லினக்ஸில் நம் சொந்த ஃபோல்டரைக் குறிக்கும் அந்த அலைக்குறியும் அங்கிருந்து வந்தது: அலைக்குறியும் ஹோமும் ஒரே விசையில் இருந்தன. எஸ்கேப் விசை இன்றைய டேப் இருக்கும் இடத்தில், கண்ட்ரோல் இன்றைய கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில். சுண்டுவிரல் எட்டும் தூரம்.

கண்ட்ரோல் அங்கிருந்து கீழ்மூலைக்குப் போனது 1980களின் நடுவில், ஐபிஎம்மின் 101 விசைப் பலகை பரவலானபோது. அதிகம் தேவைப்படும் விசை மூலைக்குப் போய், அதிகம் தேவைப்படாத கேப்ஸ் லாக் நல்ல இடத்தில் அமர்ந்துகொண்டது. நாள் முழுக்க கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி அடிக்கிறவருக்குச் சுண்டுவிரல் வலிப்பதன் காரணத்தில் இதற்குப் பங்குண்டு. ஜப்பானில் பேராசிரியர் எயிச்சி வாடாவின் யோசனையில் 1996இல் வந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு கண்ட்ரோலை மறுபடி ஏ-க்குப் பக்கத்தில் வைத்தது. அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. எந்தக் கணினியிலும் செட்டிங்ஸில் அல்லது ஒரு சின்ன மென்பொருளில் கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிவிடலாம். நான் புதுக் கணினி கைக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை இது. ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும்.

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முடிந்தால் வாங்குங்கள். சாதாரண கீபோர்டில் ரப்பர் குமிழ் அடிவரை அமுங்கினால்தான் எழுத்து விழும். செர்ரி எம்எக்ஸ் வகை சுவிட்சில் விசை 4 மில்லிமீட்டர் கீழே போகும் தூரத்தில் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிந்துவிடுகிறது. விரல் அடியில் போய் மோத வேண்டியதில்லை. சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், பழுப்பு நடுவில் லேசாகத் தட்டும், நீலம் சத்தமாக க்ளிக் என்னும். பலர் சேர்ந்து உட்காரும் அறைக்கு நீலம் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பாவம்.

தமிழ்நாட்டில் வளர்ந்த எத்தனையோ டெவலப்பர்களின் முதல் கணினி, 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததால், அப்படியே லினக்ஸ் பழகியவர்களையும் எனக்குத் தெரியும். அப்படியொரு பழைய லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'இதில் கோடிங் ஓடாது' என்று சொல்பவர்களிடம் நான் சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் எஸ்எஸ்டி மாற்றிவிட்டு வரச் சொல்வேன். பிராசஸரை விட இதுதான் பெரிய வித்தியாசம் தரும். காரணம் எளிது. பழைய லேப்டாப்களின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். ஒரு கோப்பைத் தேடி முள் நகர்ந்து, தட்டு சுற்றி வந்து, படிப்பதற்குள் பத்து மில்லிசெகண்டாவது போய்விடும். இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் திட்டமோ ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகளின் குவியல். பிறர் எழுதிய நிரல்கள் வந்து குவியும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் முப்பதாயிரம் கோப்பு இருந்தால், வெறும் தேடலுக்கே ஐந்து நிமிடம். எஸ்எஸ்டியில் நகரும் முள்ளும் இல்லை, சுற்றும் தட்டும் இல்லை. ரேமுக்கு 8 ஜிபியில் மூச்சு முட்டும், 16 இருந்தால் எடிட்டர், பிரவுசர், டேட்டாபேஸ் மூன்றும் நிம்மதியாக இருக்கும்.

நாற்காலிக்கு நீண்ட ஆராய்ச்சி வேண்டாம்: பாதம் தரையில் படியட்டும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். லேப்டாப்பை உயரத்தில் வைத்தால் தனி கீபோர்டு வேண்டும், இல்லையென்றால் கழுத்தை மீட்டுவிட்டுத் தோளை இழப்பீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வைஃபை ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். கரண்ட் போனால் லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, நெட்டுக்கு இல்லை.

கிட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் லினக்ஸ் வேலைக்காக அவசரமாக எழுதிய கருவி அது. எழுதியவற்றைப் பத்திரமாக வைப்பதற்கென்றுதான் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் பைசெக்ட் என்றொரு கட்டளை இருக்கிறது. போன மாதம் ஒழுங்காக இருந்த பக்கம் இன்று கெட்டிருக்கிறது, நடுவே ஆயிரம் கமிட், அதாவது பதிந்து வைத்த ஆயிரம் மாற்றம். 'அன்று நல்லது, இன்று கெட்டது' என்று சொன்னால் கிட் சரியாக நடுவில் உள்ள கமிட்டை எடுத்து முன்னால் வைக்கும். பார்த்துவிட்டு நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். ஐநூறு, இருநூற்றைம்பது என்று பாதி பாதியாகக் குறைந்து, பத்தே தடவையில் கெடுத்த கமிட் கையில் கிடைக்கும். யார் கெடுத்தார் என்ற சண்டை அதோடு முடிந்துவிடும். அநேகமாக அது நாமாகவே இருப்போம்.

இனி, தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ள காத்திருப்பு. பில் ஜாயின் டெர்மினலில் ஒரு வரிக்கு 80 கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. நம் கருவிகளின் அடியாழத்தில் இன்றும் அந்தக் கட்டம் கிடக்கிறது. 'கொ' என்ற எழுத்தை அதில் எப்படி வைப்பது? டெர்மினலில் தமிழ் சிதறுவதன் காரணம் இதுதான். அதைவிட மறைவான சிக்கல் எழுத்தை எண்ணுவதில். 'கிருஷ்ணமூர்த்தி' என்பது நமக்கு எட்டு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 15 என்று சொல்லும், ஏனென்றால் உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 45. பெயருக்கு 30 பைட் போதும் என்று எங்கேயோ யாரோ முடிவு செய்திருந்தால் அந்த மனிதர் 'கிருஷ்ணமூர' ஆகிவிடுவார். தன் பெயரையே பாதியில் வெட்டிய ஒரு தளத்தை அவர் எப்படி நம்புவார்?

இதற்கு மருந்து இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் செக்மென்ட்டர் என்ற வசதி, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகவே பிரித்து எட்டு என்று சரியாகச் சொல்லும். குரோமில் 2020இலிருந்தே உண்டு, ஃபயர்பாக்ஸில் 2024இல் வந்தது. இன்னொரு பொறி: 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்த்து இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்க்க இரண்டும் ஒன்று. ஒருவர் ஒரு விதமாக 'கொடைக்கானல்' என்று சேமித்திருக்க, இன்னொருவர் வேறு விதமாகத் தேடினால், கண்முன் இருக்கும் ஊர் கிடைக்காது. சேமிப்பதற்கு முன்னும் தேடுவதற்கு முன்னும் நார்மலைஸ் செய்துவிட வேண்டும், அதாவது எல்லாவற்றையும் ஒரே விதத்துக்கு மாற்றிவிட வேண்டும், ஒரு வரி வேலை. இதெல்லாம் வாடிக்கையாளர் சொல்லித் தெரிவதற்குப் பதிலாக சேவ் அடித்ததும் தெரிய வேண்டுமென்றால், சோதனைத் தரவில் ஜான் ஸ்மித்தை எடுத்துவிட்டுக் கிருஷ்ணமூர்த்தியைப் போடுங்கள். நான் கொடைக்கானல், திருச்செங்கோடு, பொள்ளாச்சி என்று ஊர்களையும் போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக, என் மேசையில் இருப்பதிலேயே விலை குறைந்த பொருள். மூன்று தலைமுறை பழைய, 2 ஜிபி ரேம் உள்ள ஓர் ஆண்ட்ராய்டு போன். அது அங்கே வந்த கதை, நான் ஒரு ஜவுளிக்கடைக்குச் செய்து கொடுத்த தளத்திலிருந்து தொடங்குகிறது. என் லேப்டாப்பில் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. கடைக்காரர் தன் போனில் திறந்து என்னிடம் நீட்டினார். "தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு பாருங்க." இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். புடவைப் படங்கள்தான் காரணம் என்று நினைத்து எல்லாவற்றையும் சுருக்கினேன், பெரிதாக மாறவில்லை. தவறு நான் சேர்த்திருந்த ஜாவாஸ்கிரிப்டில் இருந்தது. ஒரு எம்பி படமும் ஒரு எம்பி ஜாவாஸ்கிரிப்டும் இறங்க ஒரே நேரம்தான் ஆகும். ஆனால் படத்தை விரித்துக் காட்டினால் வேலை முடிந்தது. ஜாவாஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்து, மாற்றி, ஓட்ட வேண்டும். அதை என் லேப்டாப்பின் பிராசஸர் ஊதித் தள்ளிவிட்டது, அவருடைய போனால் முடியவில்லை. நல்ல கணினி வாங்கினால் என் காத்திருப்பு குறைகிறது, ஆனால் அவருடைய காத்திருப்பு என் கண்ணிலிருந்து மறைந்தும் போகிறது.

அன்றிலிருந்து அந்தப் பழைய போன் யூஎஸ்பி கேபிளில் தொங்குகிறது. போனில் யூஎஸ்பி டிபக்கிங்கைத் திறந்துவிட்டு, கணினியின் குரோமில் இன்ஸ்பெக்ட் பக்கத்துக்குப் போனால், போனில் திறந்திருக்கும் பக்கம் அப்படியே எஃப்12 கருவிகளுக்குள் வந்துவிடும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ரெக்கார்டை அழுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், எந்த ஸ்கிரிப்ட் எத்தனை மில்லிசெகண்ட் பிடித்துக்கொண்டது என்று மஞ்சள் பட்டைகளாகத் தெரியும். ஜவுளிக்கடைத் தளத்தில் மிக நீளமான மஞ்சள் பட்டை, யாரும் தொடாத ஒரு ஸ்லைடருக்கு உரியது. அதை எடுத்துவிட்டேன், யாரும் கேட்கவில்லை.

இப்போது வீட் சர்வரை வைஃபையில் திறந்து வைக்கிறேன். சேவ் அடித்தால் பெரிய திரையில் மாறும்போதே போனிலும் மாறுகிறது. வேலை முடியும் தறுவாயில் கேபிளைக் கழற்றிவிட்டு, மதிய வெயிலில் மொட்டை மாடிக்குப் போனை எடுத்துக்கொண்டு போவேன். உள்ளே அழகாகத் தெரிந்த இளஞ்சாம்பல் எழுத்து அங்கே காணாமல் போய்விடும். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற அந்தச் சாம்பல் நிறத்தின் ஒளி வேறுபாடு 2.85க்கு 1 தான். எல்லாரும் படிக்க 4.5க்கு 1 வேண்டும் என்கிறது சர்வதேச விதிமுறை. #767676 அதை மயிரிழையில் தாண்டுகிறது. இறங்கி வந்து அந்த எண்ணை மாற்றி, சேவ் அடித்து, மறுபடி படியேறுகிறேன்.